அபாயப் பகுதிக்கான கேபிள்: காப்பின் தரத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது?

எரியும் தன்மையுள்ள வாயு, ஆவி, தூசி ஆகியவை சேரக்கூடிய இடங்களுக்குக் கேபிள் தேர்வு செய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானோர் வோல்டேஜ் தரத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பதில்களில் வெப்பத்துக்குச் சற்றுக் கூடுதலான இடம் கொடுத்திருப்பது வேண்டுமென்றே செய்ததுதான்.

கேள்வி: எங்கள் ஆலையில் கரைப்பான் பம்புகள் இருக்கும் இடம் ஜோன் 1 (வழக்கமான இயக்கத்திலேயே எரியும் வாயு அவ்வப்போது சேரக்கூடிய பகுதி) என வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. மோட்டார்கள் 400 வோல்ட்டில் இயங்குபவை. வெடிப்பு அபாயம் இருப்பதால் 3.3 கிலோவோல்ட் தரக் கேபிள் போடுவதே பாதுகாப்பு என்று ஒப்பந்ததாரர் வலியுறுத்துகிறார். 0.6/1 கிலோவோல்ட் கேபிள் போதாதா?

பதில்: போதும். கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில் முதல் எண், மின்கடத்திக்கும் பூமிக்கும் இடையே காப்பு நிரந்தரமாகத் தாங்க வேண்டிய வோல்டேஜைக் குறிக்கிறது. இரண்டாவது எண், இரண்டு கடத்திகளுக்கு இடையே உள்ள வோல்டேஜைக் குறிக்கிறது. உங்கள் அமைப்பில் பூமிக்கு 230 வோல்ட்டும் கடத்திகளுக்கிடையே 400 வோல்ட்டும்தான் உள்ளன என்பதால், 600 மற்றும் 1000 வோல்ட் தரம் ஏற்கெனவே இரண்டு மடங்குக்கும் மேலான இடைவெளியைத் தருகிறது. ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60502-1 தரநிலைப்படி இந்தக் கேபிள் தொழிற்சாலையிலேயே 3.5 கிலோவோல்ட்டில் 5 நிமிடம் சோதிக்கப்பட்ட பிறகே வெளியே வருகிறது. ஜோன் 1 என்ற வகைப்பாடு இந்தக் கணக்கில் எந்த எண்ணையும் மாற்றுவதில்லை.

கூடுதல் காப்பு இருந்தால் தீங்கில்லையே என்று நினைக்கலாம்; தீங்கு உண்டு. 25 சதுர மில்லிமீட்டர் எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன்) காப்புள்ள கேபிளில் 0.6/1 கிலோவோல்ட் தரத்துக்குக் காப்பின் தடிமன் 0.9 மில்லிமீட்டர், 1.8/3 கிலோவோல்ட் தரத்துக்கு அது 2 மில்லிமீட்டர். மூன்று கோர்களிலும் (காப்பிட்ட தனிக் கடத்திகளிலும்) இந்தத் தடிமன் கூடும்போது கேபிளின் வெளிவிட்டம் பெரிதாகிறது, மோட்டாரின் நுழைவுத் துளைக்கு ஏற்ற கிளாண்டுக்குள் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் பொருத்திக்குள்) அது நுழையாமல் போகிறது, டெர்மினல் பெட்டிக்குள் விறைப்பான கோர்களை வளைத்துத் திணிக்க வேண்டியதாகிறது. இன்கிரீஸ்டு சேஃப்டி (பொறியும் மிகைச்சூடும் எழாதபடி கூடுதல் கவனத்துடன் செய்த) வகைப் பெட்டிகளில் டெர்மினல்களுக்கிடையே விடப்பட்டிருக்கும் இடைவெளிதான் பாதுகாப்பே. அதைக் கெடுத்துவிட்டுக் காப்பைத் தடிப்பாக்கியதில் லாபமில்லை. பம்புப் பகுதியில் காப்பு பழுதாவது பெரும்பாலும் வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் இயந்திர அடியாலும்தான். அதிக வோல்டேஜால் அல்ல. ஒப்பந்ததாரர் செலவழிக்கச் சொல்லும் பணத்தை நல்ல ஆர்மருக்கும் (உலோகக் கவசத்துக்கும்), கரைப்பானைத் தாங்கும் மேலுறைக்கும், பூமிக்கசிவை விரைந்து துண்டிக்கும் ரிலேக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: 'எக்ஸ்' (வெடிப்பு அபாயப் பகுதிக்கான) சான்றிதழ் பெற்ற கேபிள் வேண்டும் என்று கொள்முதல் பிரிவு கேட்கிறது. அப்படி ஒன்று உண்டா?

பதில்: பொதுவாகக் கேபிளுக்கு அத்தகைய சான்றிதழ் வழங்கப்படுவதில்லை, கிளாண்டுக்கும் பெட்டிக்கும் மோட்டாருக்கும்தான் வழங்கப்படுகிறது. கேபிள் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐ.இ.சி. 60079-14 என்ற நிறுவல் தரநிலை சொல்கிறது: நிரந்தர இணைப்புக்கான கேபிள் வட்டமாகவும் உள்ளே இடைவெளியின்றிக் கெட்டியாகவும் இருக்க வேண்டும், உள்ளுறை பிழிந்து வார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும், நிரப்புப் பொருள் ஈரத்தை உறிஞ்சாததாக இருக்க வேண்டும், தீச்சுடர் பரவாத தன்மை வேண்டும். இடைவெளி நிறைந்த கேபிள் ஒரு மெல்லிய குழாயைப் போல வேலை செய்து, அபாயப் பகுதியின் வாயுவைக் கட்டுப்பாட்டு அறை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். மேலுறை மிருதுவாக இருந்தால் கிளாண்டின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகிப் பிடி தளரும் என்பதையும் அதே தரநிலை எச்சரிக்கிறது. கொள்முதல் ஆணையில் 'எக்ஸ் கேபிள்' என்று எழுதுவதற்குப் பதிலாக இந்தப் பண்புகளை எழுதினால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் குழப்பம் இராது.

கேள்வி: எங்கள் பகுதி டி-3 வெப்ப வகுப்பில் வருகிறது. அப்படியானால் கேபிள் காப்பு 200 டிகிரியைத் தாங்க வேண்டுமா? இன்னொரு பகுதி டி-6. அங்கே 90 டிகிரி எக்ஸ்.எல்.பி.இ. கேபிளைப் போடக் கூடாது என்கிறார் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. இதில் எது சரி?

பதில்: இரண்டுமே சரியல்ல, இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். வெப்ப வகுப்பு என்பது ஒரு கருவியின் மேற்பரப்பு அதிகபட்சமாக எவ்வளவு சூடாகலாம் என்பதற்கான எல்லை: டி-1 என்றால் 450 டிகிரி செல்சியஸ், டி-2 என்றால் 300, டி-3 என்றால் 200, டி-4 என்றால் 135, டி-5 என்றால் 100, டி-6 என்றால் 85. அந்தச் சூட்டைத் தாண்டினால் சுற்றியுள்ள வாயு தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதற்காக விதிக்கப்பட்ட எல்லை அது. டி-3 பகுதி என்பதால் அங்கே காற்று 200 டிகிரியில் கொதித்துக்கொண்டிருப்பதில்லை. எனவே கேபிள் 200 டிகிரியைத் தாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

டி-6 பகுதியைப் பொறுத்தவரை, கேபிளில் அச்சிட்டிருக்கும் 90 டிகிரி என்பது உள்ளே இருக்கும் செம்பின் வெப்பநிலை. மேலுறையின் வெப்பநிலை அல்ல. காப்பையும் உள்ளுறையையும் ஆர்மரையும் மேலுறையையும் கடந்து வெளியே வருவதற்குள் வெப்பம் குறைந்துவிடும் என்பதால், மேலுறை டி-6 எல்லையைத் தாண்டுவது அரிது என்று ஐ.இ.சி. 60079-14 தரநிலையே குறிப்பிடுகிறது. அதோடு, அந்த 90 டிகிரியும் முழுச்சுமையில் எட்டும் உச்ச எல்லைதான். சரியாக அளவெடுத்துப் போட்ட கேபிள் அதை நெருங்கவே கூடாது. ஆகவே எக்ஸ்.எல்.பி.இ. கேபிளைத் தாராளமாகப் போடலாம். ஆனால் பல கேபிள்களை ஒரே தட்டில் அடுக்கி, காற்றோட்டம் இல்லாமல் மூடி, முழுச்சுமையில் ஓட்டினால் பாதுகாப்பு அதிகாரியின் அச்சத்துக்கு இடம் உண்டு.

வெப்பத்தைப் பற்றி உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கேபிள் கருவிக்குள் நுழையும் கடைசி ஒரு மீட்டரில் என்ன சூடு இருக்கிறது? நுழைவிடத்தில் 70 டிகிரியையோ, கோர்கள் பிரியும் இடத்தில் 80 டிகிரியையோ தாண்டும் கருவிகளில், தயாரிப்பாளர் அதைத் தகட்டில் குறிப்பிட வேண்டும் என்று ஐ.இ.சி. 60079-0 கட்டாயமாக்கியிருக்கிறது. தகட்டில் '90 டிகிரிக் கேபிள் பயன்படுத்துக' என்றோ '105 டிகிரிக் கேபிள் பயன்படுத்துக' என்றோ இருந்தால், காப்பின் வெப்பத் தரத்தை முடிவுசெய்வது அந்த வரிதான். பழைய ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே வெடித்தாலும் சுடரை வெளியே விடாத) விளக்குகளின் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்: தட்டில் படுத்திருக்கும் கேபிள் புதிதுபோல் வளைந்துகொடுக்கும், பெட்டிக்குள் இருக்கும் ஒரு சாண் பி.வி.சி. கோர் மட்டும் பழுப்பேறி விறைத்து, டெர்மினல் திருகைத் தளர்த்தும்போதே முட்டை ஓட்டைப்போலச் சில்லுச் சில்லாக உதிரும். முழுக் கேபிளையும் மாற்ற வேண்டியதில்லை என்றால், கருவிக்கு வெளியே, அந்த ஜோனுக்குரிய சான்றுள்ள இணைப்புப் பெட்டி ஒன்றை வைத்து, அங்கிருந்து விளக்கு வரை சிலிகான் ரப்பர் காப்புள்ள கேபிளை எடுத்துச் செல்லலாம். சிலிகான் ரப்பர் 180 டிகிரி வரை தாங்கும். அதன் இயந்திர வலிமை குறைவு என்பதால் ஏற்ற மேலுறையும் பாதுகாப்பும் கொடுக்க வேண்டும்.

தகட்டில் ஒன்றும் எழுதவில்லை என்றால் 70 டிகிரி பி.வி.சி. போதுமென்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் கருவி எந்தச் சுற்றுப்புற வெப்பநிலைக்குச் சான்று பெற்றது என்று பாருங்கள். வேறு குறிப்பு இல்லையென்றால் அது மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைதான். சுற்றுப்புறம் 50 டிகிரியை எட்டும் இடத்தில் அந்தக் கருவியையே வைக்கக் கூடாது, கேபிள் விஷயம் அதற்குப் பிறகுதான். 50 டிகிரிக்குச் சான்று பெற்ற கருவியை வாங்கிய பிறகு, கேபிளின் மின்னோட்டத் திறனையும் குறைத்துக் கணக்கிட வேண்டும். அட்டவணைகள் 30 டிகிரிக் காற்றை அடிப்படையாகக் கொண்டவை என்றால், 50 டிகிரியில் பி.வி.சி. கேபிளின் திறன் 0.71 மடங்காகக் குறைகிறது, எக்ஸ்.எல்.பி.இ. கேபிளின் திறன் 0.82 மடங்காகவே குறைகிறது. காரணம் எளிது: பி.வி.சி.க்கு எல்லை 70 டிகிரி என்பதால் அதற்கு மிஞ்சுவது 20 டிகிரி, எக்ஸ்.எல்.பி.இ.க்கு எல்லை 90 என்பதால் மிஞ்சுவது 40 டிகிரி. குறுக்குச்சுற்று நேரத்திலும் இதே வேறுபாடு தெரியும். 300 சதுர மில்லிமீட்டர் வரையிலான பி.வி.சி. கேபிள் 160 டிகிரி வரையும், எக்ஸ்.எல்.பி.இ. கேபிள் 250 டிகிரி வரையும் அந்தச் சில நொடிகளைத் தாங்கும்.

என் பரிந்துரை: எக்ஸ்.எல்.பி.இ. வாங்குங்கள், ஆனால் அதை 70 டிகிரிக் கேபிள் என்று பாவித்து அளவெடுங்கள். மோட்டாரிலும் சுவிட்சிலும் உள்ள டெர்மினல்கள் பல நேரம் 90 டிகிரிச் செம்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. கேபிளின் முழுத் திறனையும் பயன்படுத்தினால் அந்தச் சூடு நேராக டெர்மினலுக்குத்தான் போய்ச்சேரும்.

கேள்வி: எங்கள் 11 கிலோவோல்ட் வலையமைப்பில் நியூட்ரல் பூமியுடன் இணைக்கப்படவில்லை. கம்ப்ரசர் மோட்டார்கள் ஜோன் 2 (எரியும் வாயு அரிதாக, சிறிது நேரமே சேரக்கூடிய) பகுதியில் உள்ளன. 6.35/11 கிலோவோல்ட் கேபிள் போடலாமா?

பதில்: முதல் கேள்வியில் வோல்டேஜ் தரத்தை உயர்த்த வேண்டாம் என்றோம், இங்கே உயர்த்த வேண்டியிருக்கலாம். நியூட்ரல் பூமியோடு இணைக்கப்படாத அமைப்பில் ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டால் மின்னோட்டம் அதிகம் பாய்வதில்லை, ரிலேயும் துண்டிப்பதில்லை, ஆலை ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் பழுதில்லாத மற்ற இரண்டு ஃபேஸ்களும் பூமியைப் பொறுத்து 6.35 கிலோவோல்ட்டிலிருந்து 11 கிலோவோல்ட்டுக்கு ஏறிவிடும். அதாவது, 6.35 கிலோவோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட காப்பு, பழுது கண்டுபிடிக்கப்படும்வரை 1.73 மடங்கு அழுத்தத்தில் நிற்கும்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வைத்துத்தான் ஐ.இ.சி. தரநிலை அமைப்புகளை மூன்றாகப் பிரிக்கிறது. பூமிப்பழுது ஒரு நிமிடத்துக்குள் துண்டிக்கப்பட்டால் அது 'ஏ' வகை. பழுதோடு ஒரு மணி நேரம்வரை ஓட்டப்படுவது 'பி' வகை, ஐ.இ.சி. 60502 கேபிள்களுக்கு ஒரு தடவைக்கு 8 மணி நேரம்வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், ஓராண்டில் மொத்தம் 125 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. மற்றவை எல்லாம் 'சி' வகை. முதல் இரண்டு வகைகளுக்கு உங்கள் 6.35/11 கேபிள் போதும். பழுதோடு நாள்கணக்கில் ஓட்டும் வழக்கம் இருந்தால் 8.7/15 கிலோவோல்ட் கேபிளுக்கோ, கேபிள் சந்தையில் 'அன்எர்த்டு கிரேடு' எனப்படும் 11/11 கிலோவோல்ட் கேபிளுக்கோ போக வேண்டும்.

ஆனால் இது வெடிப்பு அபாயப் பகுதி என்பதை மறந்துவிட்டுக் கேபிளை மட்டும் தடிப்பாக்கிக்கொண்டு போவதை நான் ஏற்க மாட்டேன். பூமிப்பழுது இருக்கும் இடத்தில் பொறி இருக்கலாம். நியூட்ரல் இணைக்கப்படாத அமைப்புகளில் முதல் பூமிப்பழுதையே காட்டிக்கொடுக்கும் காப்புக் கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது ஐ.இ.சி. 60079-14 விதி. அது இருக்கிறதா, அதன் மணி ஒலிக்கும்போது இரவுநேரப் பணியாளர் என்ன செய்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள். ஒலியை நிறுத்திவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விடும் வழக்கம் இருந்தால், உங்கள் ஆலை ஏட்டில் எந்த வகையாக இருந்தாலும் நடைமுறையில் 'சி' வகையை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி: 690 வோல்ட் மோட்டாரை வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) மூலம் ஓட்டப் போகிறோம். 0.6/1 கிலோவோல்ட் கேபிள் தாங்குமா?

பதில்: 400 வோல்ட் என்றால் தயங்காமல் ஆம் என்பேன், 690 வோல்ட்டில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டிரைவுக்குள் நேர்மின்னோட்ட வோல்டேஜ் வழி வோல்டேஜைப்போல 1.35 மடங்கு, அதாவது ஏறத்தாழ 930 வோல்ட். டிரைவிலிருந்து புறப்படும் கூர்மையான துடிப்புகள் மோட்டாரில் மோதித் திரும்பும்போது, கேபிள் நீளமாக இருந்தால் டெர்மினலில் அது இரண்டு மடங்கு வரை, அதாவது 1,860 வோல்ட் வரை எழும். 0.6/1 கிலோவோல்ட் கேபிள் தாங்கக்கூடிய மிக உயர்ந்த அமைப்பு வோல்டேஜ் 1.2 கிலோவோல்ட், அதன் உச்சம் ஏறத்தாழ 1,700 வோல்ட். துடிப்பு அதைத் தாண்டுகிறது, அதுவும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. எனவே 1.8/3 கிலோவோல்ட் எக்ஸ்.எல்.பி.இ. கேபிள் போடுவதோ, டிரைவின் வெளியீட்டில் துடிப்பின் கூர்மையை மழுங்கச் செய்யும் ஃபில்டர் வைப்பதோ நல்லது. மோட்டாரின் சுருள் காப்புக்கும் அதே துடிப்புதான் போகிறது என்பதால், என் தேர்வு ஃபில்டர். பி.வி.சி. காப்பை இந்தப் பணிக்குத் தவிர்த்துவிடுங்கள். அபாயப் பகுதி மோட்டார் டிரைவில் ஓடுவதற்குச் சான்று பெற்றதா என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும். கேபிள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் சான்றுக்கு ஈடாகாது.

கேள்வி: டொலுவீன் சேமிப்புத் தொட்டிகளுக்கு அருகில் கேபிள் அகழியில் அடிக்கடி கசிவு தேங்குகிறது. பி.வி.சி. மேலுறை ஊறிப்போகிறது. காப்பை மாற்றினால் தீருமா?

பதில்: உள்ளே இருக்கும் காப்பை மட்டும் மாற்றுவதால் தீராது. பென்சீன், டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் பி.வி.சி.யை முதலில் ஊதச் செய்யும். பிறகு அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். காய்ந்ததும் மேலுறை சுருங்கி வெடிக்கும். எக்ஸ்.எல்.பி.இ. காப்பும் இவற்றில் ஊறினால் உப்பிவிடும். ஆகவே கரைப்பானைக் காப்பு வரை வரவிடாமல் தடுக்கும் உறை வேண்டும். பழைய வழி காப்புக்கு மேல் ஈய உறை. அது முழுத் தடுப்பு, ஆனால் கனமானது, இணைப்புப் போடத் தேர்ந்த ஆள் வேண்டும். அடர் பாலிஎத்திலீன் உறைக்கு மேல் நைலான் உறை போட்ட கேபிள்கள் இப்போது அதற்கு மாற்றாகக் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் விட மலிவான வழி, கேபிளை அகழியிலிருந்து எடுத்து உயரமான தட்டில் கொண்டுசெல்வது. கரைப்பான் தேங்கும் அகழியைக் காற்றைவிடக் கனமான ஆவியும் விரும்பித் தங்குமிடமாக்கிக்கொள்ளும். மண் நிரப்பி மூடாத அகழியாக இருந்தால் அதன் ஜோன் வகைப்பாட்டையும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: இன்ட்ரின்சிக் சேஃப்டி (பொறி எழுந்தாலும் வாயுவைப் பற்றவைக்காத அளவுக்கு ஆற்றல் கட்டுப்படுத்தப்பட்ட) சுற்றுகளில் வெறும் 24 வோல்ட்தானே இருக்கிறது. சாதாரணத் தொலைபேசிக் கேபிள் போடலாமா?

பதில்: வோல்டேஜ் குறைவு என்பதால் காப்பில் சலுகை இல்லை. கடத்திக்கும் பூமிக்கும், கடத்திக்கும் கேபிளின் உலோகத் திரைக்கும், திரைக்கும் பூமிக்கும் இடையே குறைந்தது 500 வோல்ட் மாறுமின்னோட்டச் சோதனையையோ 750 வோல்ட் நேர்மின்னோட்டச் சோதனையையோ காப்பு தாங்க வேண்டும். பக்கத்தில் ஓடும் வேறு சுற்றின் மின்சாரம் இதற்குள் நுழைந்துவிட்டால் பேரியரின் (சுற்றுக்குள் செல்லும் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் கருவியின்) பாதுகாப்பு அர்த்தமிழந்துவிடும் என்பதே காரணம்.

இந்தச் சுற்றுகளில் காப்பின் இன்னொரு பண்பும் முக்கியமாகிறது: அது சேமித்து வைக்கும் மின்னூட்டம். ஓர் எடுத்துக்காட்டு: ஹைட்ரஜன், அசிட்டிலீன் அடங்கிய டூ-சி வாயுக் குழுவில், 28 வோல்ட், 93 மில்லிஆம்பியர் பேரியருக்கு அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு 83 நானோஃபாரட் என்றும், டிரான்ஸ்மிட்டரே 10 நானோஃபாரட் எடுத்துக்கொள்கிறது என்றும் கொள்வோம். கேபிளுக்கு மிஞ்சுவது 73. கேபிளின் விவரம் தெரியாதபோது மீட்டருக்கு 200 பிகோஃபாரட் என எடுத்துக்கொள்ளத் தரநிலை சொல்வதால், 365 மீட்டர் வரைதான் போகலாம். தயாரிப்பாளரிடம் உண்மையான அளவைக் கேட்டு வாங்கினால் பெரும்பாலும் இதைவிட நீளமாகப் போகலாம். பாலிஎத்திலீன் காப்பு பி.வி.சி.யைவிடக் குறைவாகவே மின்னூட்டத்தைச் சேமிக்கும். மின்தூண்டலையும் இதேபோலத் தனியே சரிபார்க்க வேண்டும். பயன்படுத்தாத கோர்களை டேப் மட்டும் சுற்றி விட்டுவிடாமல், உரிய டெர்மினலில் முடியுங்கள்.

கேள்வி: கேபிள் போட்ட பிறகு மெக்கர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) சோதனையை அபாயப் பகுதியிலேயே செய்யலாமா?

பதில்: சாதாரண மெக்கரை அங்கே கொண்டுபோவதே கூடாது; வாயு இல்லை என்று அளந்து, எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற பிறகே செய்ய வேண்டும். சோதனையைப் பாதுகாப்பான பகுதியில் உள்ள முனையிலிருந்து செய்தாலும், அபாயப் பகுதியில் உள்ள மறுமுனையிலும் அதே 500 அல்லது 1000 வோல்ட் இருக்கிறது என்பதால், அந்த முனைக்கும் அனுமதிச் சீட்டு தேவை. சோதனை முடிந்ததும் கேபிளில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தை மெக்கரின் வழியாகவே பூமிக்கு இறக்கி, வோல்ட்மீட்டர் சுழியத்தைக் காட்டிய பிறகே கோர்களைத் தொடவோ இணைக்கவோ வேண்டும். நீளமான உயரழுத்தக் கேபிளில் ஒரு தடவை இறக்கிய பிறகும் மின்னூட்டம் மெல்லத் திரும்ப எழும் என்பதால், இணைப்பு முடியும்வரை பூமிக்கம்பியை எடுக்க வேண்டாம்.